தலைமாட்டில் உட்காராத பெண்

அவர்கள் குடிவந்த முதல் வெள்ளிக்கிழமையே நான் அவர்களுடைய வணக்கத்தைக் குழப்பிவிட்டேன்.

எங்கள் வீடு சாய்ந்தமருதில், கடற்கரைக்கு இரண்டு தெரு இந்தப் பக்கம். எங்கள் பகுதி வழமைப்படி அது மகளுக்குக் கொடுத்த வீடு. நானும் அவளுடைய வாப்பாவும் பின்னறையில் இருக்கிறோம். மருமகனுக்குக் கட்டாரில் வேலை. மேல்மாடி சும்மா கிடந்ததால், கடலரிப்பைப் பற்றி ஆராய வந்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியருக்கும் அவருடைய மனைவிக்கும் வாடகைக்கு விட்டோம். இங்கிலாந்துக்காரர்கள் என்றார்கள். அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் விசாரிக்கவில்லை. அந்தப் பெண் தலையைத் துணியால் கட்டியிருந்தாள். முழங்கையை மூடிய சட்டை, கணுக்கால் வரை பாவாடை. அதைக் கண்டதுமே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை பொழுதுபடுகிற மஃரிபுத் தொழுகை நேரம் நெருங்கும்போது முற்றத்தில் காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டு நின்றேன். மேலே யன்னலோரம் இரண்டு மெழுகுதிரி எரிந்தது. எங்களுக்குக் கரண்ட் இருந்தது. மேலே மட்டும் ஃபியூஸ் போய்விட்டதாக்கும், வந்த இடத்தில் பாவங்கள் இருட்டில் இருக்கிறார்கள் என்று நினைத்து, சார்ஜ் லைட்டைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். கதவு திறந்து கிடந்தது. இருவரும் எனக்கு முதுகு காட்டி நின்று ஏதோ மெல்லிய இராகத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் ஒரு காலை வைத்ததும் இருவரும் ஒன்றாகக் கதவுப் பக்கம் திரும்பி, தலையைத் தாழ்த்தி, இடுப்பை வளைத்துக் குனிந்தார்கள்.

எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

"அஸ்தஃபிருல்லாஹ்! எனக்குக் குனியாதீங்க! மனிசருக்கு மனிசர் குனியப்படா!" என்று கத்தினேன். லைட் கையை விட்டு நழுவப் பார்த்தது.

அந்த மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனால் தோள் குலுங்கியது. என் சத்தம் கேட்டு, ஆறு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு மகள் மேலே வந்தாள். அவள் பாடசாலையில் இங்கிலீஷ் படிப்பிக்கிறவள். அவர்களோடு கதைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"உம்மா, உங்களுக்கில்ல குனிஞ்ச. ராணிக்கு."

"எந்த ராணிக்கு?"

"இவங்கட ஓய்வுநாள் இப்ப தொடங்குதாம். அது ஒரு ராணி மாதிரி, புதுப்பொண்ணு மாதிரி வருமாம். கதவப் பாத்துக் குனிஞ்சு வரவேற்கிறது வழக்கமாம். ராணி வார நேரம் பாத்து நீங்க சார்ஜ் லைட்டோட வந்து நிக்கிறீங்க."

அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். படியில் இறங்கும்போதுதான் எனக்குள் ஏதோ தட்டியது. சனிக்கிழமையைக் கண்ணியப்படுத்துகிறவர்கள் யார் என்பது குர்ஆன் மத்ரசாவுக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

"மகள், இவங்க யஹூதியா?"

"ஓம்மா," என்றாள். அவளும் சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

மறைக்காமல் சொல்கிறேன், யூதர் என்றது எனக்குப் பாரமாக இருந்தது. தொலைக்காட்சியைப் போட்டால் பலஸ்தீனத்துப் பிள்ளைகளைக் கபன் துணி சுற்றி வரிசையாக வைத்திருக்கும் காலம். பள்ளியில் ஒவ்வொரு தொழுகையிலும் அவர்களுக்காகக் குனூத் ஓதி இறைஞ்சினார்கள். செய்தி எப்படியோ தெருவுக்குள் போய், என் மதினி இரண்டாம் நாளே வந்துவிட்டாள்.

"என்ன மச்சி, யஹூதியக் கொண்டு வந்து தலைக்கு மேல குடி வெச்சிரிக்கியாம்?"

"வாடகைக்குத்தான் இரிக்காங்க."

"சைத்தானும் வாடகை குடுப்பான்."

என் கணவர் பின்னால் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். "அப்ப சைத்தான்ட வாடகையில வாங்கின தேத்தண்ணிய வெச்சிட்டுப் போ," என்றார். மதினி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மீதித் தேநீரையும் குடித்து முடித்தாள். அவள் போன பிறகு, "வேதம் குடுக்கப்பட்ட சனம். ஊடு தேடி வந்தவங்க. அந்தப் பொம்புள என்ன குண்டா போட்ட?" என்று என்னிடம் கேட்டார்.

நான் எதையும் மனதில் வைத்துக்கொண்டு முகம் பார்த்துச் சிரிக்கிறவள் அல்ல. மகளைக் கூட்டிக்கொண்டு மேலே போய் அந்தப் பெண்ணிடம் நேராகவே கேட்டேன். அந்தப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தங்கள் ஊரில் அதற்கு எதிராக ஊர்வலம் போனதாகவும், அதனால் தன் சொந்த அண்ணன் தன்னோடு கதைப்பதில்லை என்றும் சொன்னாள். பிறகு, "ராத்தா, அதுவும் பிள்ளைதானே," என்று அவள் பழகியிருந்த அரைகுறைத் தமிழில் சொன்னாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அன்றிலிருந்து நான் அவளுக்கு ராத்தா, கூடப்பிறந்த அக்கா மாதிரி.

அவளுடைய மார்க்கத்தை நான் அடுப்படியில் வைத்துத்தான் அறிந்துகொண்டேன். வெள்ளி காலையில் மாக் குழைத்து, பெண்பிள்ளையின் தலையைப் பின்னுவது போல் மூன்று திரியாய்ப் பின்னி ரொட்டி சுடுவாள். மாவில் ஒரு துண்டைக் கிள்ளி நெருப்பில் போட்டுக் கருக்குவாள். கண்ணூறு கழிக்கிறாளாக்கும் என்று நான் மிளகாயும் உப்பும் எடுத்துக் கொடுத்தேன். அதற்கல்லவாம். முற்காலத்தில் ஆலயத்துக்குக் கொடுத்த பங்கின் அடையாளமாம். அந்தத் துண்டைப் பிரிக்கிற நேரம் பெண்கள் பிறருக்காகக் கேட்டால் ஏற்கப்படும் என்று நம்பிக்கை. நோயாளிகளின் பெயரையும் குழந்தை இல்லாதவர்களின் பெயரையும் சொல்லுவார்களாம். மா, வெள்ளிக்கிழமை விளக்கு, மாதாந்த முழுக்கு, இந்த மூன்றும் பெண்களின் கையில் கொடுக்கப்பட்டவை என்றாள். அவளுக்குக் கலியாணம் முடிந்து பல வருடம், பிள்ளை இல்லை. மாவைக் கிள்ளும்போது அவள் உதடு அசைவதைப் பார்ப்பேன். என் மகளுக்கு வயிறு வளர வளர, அவளுடைய பெயரும் அதில் சேர்ந்துகொண்டது என்று பிறகு தெரிந்தது.

அந்தப் பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை.

ஆண்பிள்ளை. மாதம் நிறைந்துதான் பிறந்தது. தலை நிறைய முடி. மருமகன் லீவில் ஓடி வந்து, பிள்ளையை அடக்கிவிட்டு, லீவு முடிந்து போனார். வந்தவர்கள் எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். ஸபுர் செய் புள்ள, பொறுத்துக்கொள். சிறுவயதில் மவுத்தான பிள்ளை உம்மாவின் கையைப் பிடித்துச் சுவர்க்கத்துக்குக் கூட்டிப்போகும். நானும் அதைத்தான் சொன்னேன். உண்மை என்று நம்பித்தான் சொன்னேன். மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

பிள்ளைப்பேற்றின் நாற்பது நாளும் வந்து போனது. அவள் தொழவில்லை. ஒரு நாள் ஈரத்தலையோடு வந்தாள். எனக்குச் சந்தோசம்.

"குளிச்சிட்டியா மகள்? அல்ஹம்துலில்லாஹ். தொழ முசல்லாவ விரிக்கட்டா?"

"அழுக்குப் போகக் குளிச்ச. நிய்யத்து வெக்கல்ல."

"ஏன் புள்ள?"

"நான் கேட்டத அல்லாஹ் தரல்ல. அவனுக்கு முன்னால போய் நான் என்னத்தச் செல்ல?"

நான் அவள் வாயைப் பொத்தப் போய்க் கையை எடுத்துக்கொண்டேன். மார்க்கம் தெரியாதவர்களுக்கு இது சின்ன விசயமாகத் தெரியலாம். பேற்றுத் தீட்டு முடிந்து திரும்பத் தொழ, கடமையான குளிப்புக் குளிக்க வேண்டும். எங்கள் மத்ஹபில் அதற்கு நிய்யத்து என்கிற மனத்தின் எண்ணமும் உடம்பு முழுக்கத் தண்ணீர் படுவதும்தான் பர்ளு, கட்டாயம். தண்ணீரை அவள் ஊற்றிக்கொண்டாள். மற்றதை, உள்ளத்தால் வைக்க வேண்டியதை, வேண்டுமென்றே வைக்காமல் விட்டாள். ஏழு வயதிலிருந்து ஒரு வக்துத் தொழுகையும் தவறாத பிள்ளை. புருஷன் கோல் எடுத்தால் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். பிள்ளையை இழந்தாள். இனி அல்லாஹ்வையும் இழந்துவிடுவாளோ என்பதுதான் என் பயம். பள்ளியில் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போதெல்லாம், எழும்புகிறாளா என்று அவளுடைய அறையை எட்டிப் பார்ப்பேன்.

ஒரு வெள்ளி மேல்மாடிப் பெண் பின்னல் ரொட்டியோடு அவளைப் பார்க்க வந்தாள். அதுவரை வாசலோடு நின்று சுகம் கேட்டுவிட்டுப் போய்விடுவாள். அன்று நான் உள்ளே கூப்பிட்டேன். கதிரையில் உடுப்புக் குவியல். அதனால் தலையணையை ஒதுக்கி, கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் இடம் விட்டு, "இதில இரிங்க," என்றேன்.

அவள் பின்வாங்கினாள். "இல்ல ராத்தா," என்று வெறும் சீமெந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளை பெற்ற கட்டில், தீட்டு என்று நினைக்கிறாளோ? நாங்கள் படுக்கிற மெத்தை அவளுக்கு அருவருப்போ? எனக்கு விளங்கியது மகளுக்கும் விளங்கியிருக்கிறது. சுவர்ப் பக்கம் இருந்த முகத்தைத் திருப்பி இங்கிலீசில் கேட்டாள். பிறகு என்னிடம் சொன்னாள், 'என் கட்டில் உங்களுக்கு அசுத்தமா?' என்றுதான் கேட்டாளாம்.

அந்தப் பெண் பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டி ஏதேதோ சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல மகளின் முகம் மாறியது.

"என்ன செல்றா?" என்றேன்.

"நோயாளிட தலைமாட்டில இரிக்கப்படாதாம் உம்மா. அந்த இடத்தில ஆள் இரிக்காம்."

"ஆர்?"

மகள் திரும்பவும் கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்னாள். அதை நான் விளங்கிக்கொண்ட அளவில் எழுதுகிறேன், பிழையிருந்தால் பிழை என்னுடையது. அவர்களுக்கும் இறைவன் ஒருவன்தான். ஆணுமில்லை, பெண்ணுமில்லை, உருவமுமில்லை. ஆனால் அவன் தன் படைப்புக்குப் பக்கத்தில் வந்து தங்குகிறானே, அந்தப் பக்கத்தை, அந்த நெருக்கத்தை, அவர்கள் ஷெகீனா என்கிறார்கள். அதைப் பெண்ணாக வைத்துத்தான் கதைப்பார்கள். வெள்ளிக்கிழமை ராணி என்று வரவேற்பதும் அவளைத்தான் என்று சிலர் சொல்லுவார்களாம். அவர்களுடைய சனத்தை ஊரை விட்டுத் துரத்தியபோது அவளும் கூடவே நாடு கடந்து போனாளாம். அழுகிறவர்களோடு இருந்து அழுவாளாம். நோயாளியின் தலைக்கு மேல் நிற்பது அவள்தானாம். அந்த இடத்தில் மனிதர் போய் உட்காருவது மரியாதை இல்லையாம்.

கேட்டு நான் சங்கடப்பட்டேன். அல்லாஹ்வைப் பற்றி 'அவள்' என்று கதைக்க என் நாக்கு வளையாது. இன்றைக்கும் வளையாது. அவள் சொன்ன பெயர் எங்கள் ஸகீனத் என்ற சொல்லைப் போல இருந்தது. அமைதி இறங்குவதை நாங்கள் அப்படிச் சொல்லுகிறோம். இரண்டும் ஒன்றா என்பதைப் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்று எனக்கு ஞாபகம் வந்தது. நோயாளியைப் பார்க்கப் போகாத அடியானிடம், போயிருந்தால் என்னை அங்கே கண்டிருப்பாயே என்று மறுமையில் அல்லாஹ் கேட்பான் என்று எத்தனையோ மார்க்கப் பயான்களில் கேட்டிருக்கிறேன். கேட்டு அழுதும் இருக்கிறேன். அப்படியிருந்தும் என் வீட்டில், என் மகளுடைய கட்டிலில், அது நடக்கிறது என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

மகள் தலையணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்தப் பெண், யூசுப் நபியின் உம்மாவைப் பற்றிச் சொன்னாள். அவர்கள் அவரை ராகேல் உம்மா என்கிறார்கள். வழியில் பிள்ளை பெற்று வழியிலேயே மவுத்தாகி, தெருவோரத்தில் அடக்கப்பட்டவர். சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட சனம் அந்த வழியால் போனபோது, கபுரிலிருந்து தன் பிள்ளைகளுக்காக அழுதாராம். யார் ஆறுதல் சொன்னபோதும் ஏற்க மாட்டேன் என்றுவிட்டாராம்.

மகள் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஸபுர் செய்யல்லையா?"

"இல்லை."

"அதுக்கு அல்லாஹ் அவவ ஏசல்லையா?"

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். ஏசவில்லையாம். இப்ராஹீம் நபி மன்றாடினார்கள், மூஸா நபி மன்றாடினார்கள் என்று அவர்களுடைய பெரியவர்கள் ஒரு கதை சொல்லுவார்களாம். இறைவன் மனமிரங்கியது அந்தத் தாயின் அழுகைக்காம்.

"யஃகூப் நபியும்தான்," என்று நான் சொன்னேன். என் வாயிலிருந்து அது ஏன் இவ்வளவு நாளும் வரவில்லை என்று தெரியாது. "காணாமப்போன மகன் யூசுப் நபிக்காக அழுதழுது கண்ணே வெளுத்துப்போன. நபிதான், அழுத."

மகள் அன்று அழுதாள். அத்தனை நாளும் அழாதவள், சத்தம் போட்டு, மூக்கு வடிய அழுதாள். தரையில் இருந்தவள் அசையவில்லை, கிட்டே வந்து தடவவுமில்லை, போதும் என்று சொல்லவுமில்லை. நான்தான் இரண்டு தரம் எழும்பப் போய் இரண்டு தரமும் உட்கார்ந்தேன். கடைசியில் மகள் ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள். தொழுகைக்கு எழும்பவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சில வாரம் போயிருக்கும். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலம், கடல் படுத்துக் கிடந்தது. ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு மேல்மாடிப் பெண் படியில் இருந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒட்ட ஒட்ட வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து தமிழ் போதாமல், "மகள் வேணும் ராத்தா," என்றாள்.

மகள் வந்து கேட்டாள். அவளுக்கு அன்று முழுக்கு நாள். மாதவிலக்கு நின்று, அதற்குப் பிறகு ஏழு சுத்தமான நாளும் கழிந்து, பொழுதுபட்டு நட்சத்திரம் தெரிந்ததும் குழாய்த் தண்ணீரில் அல்லாமல், இறைவன் தேக்கி வைத்த தண்ணீரில் முழுக வேண்டும். ஊரில் அதற்கென்று குளம் கட்டி வைத்திருப்பார்களாம். இங்கே கடல்தான். வேறு மாதங்களில் புருஷனோடு காரில் ஆளில்லாத கரையாகப் பார்த்துப் போவாளாம். இன்று அவர் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருக்கிறார். அவர் வந்து சேரும்போது அவள் முழுகியிருக்க வேண்டும். ஒரு தலைமுடி வெளியே தெரிந்தாலும் கூடாது. அதனால் ஒரு பெண் நின்று பார்க்க வேண்டும். சட்டப்படி அது அவர்களுடைய பெண்ணாக இருக்க வேண்டும், அப்படி ஒருவர் இந்தக் கரையில் இல்லை. "எனக்கும் இறைவனுக்கும் இடையில் அதை வைத்துக்கொள்கிறேன். ஆனால் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது," என்றாளாம்.

ஒரு முடியும் விடுபடக் கூடாது என்பதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. நகத்தில் பொலிஷ் இருந்தால் குளிப்பு நிறைவேறாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த வாய் இது.

"மஃரிபுக்குப் பாங்கு சென்னதும் போவம்," என்றேன். "ஆம்புளையள் எல்லாம் பள்ளிக்குப் போயிருவாங்க. கரை காலியாக் கிடக்கும்."

ஆனால் தண்ணீரில் இறங்க என்னால் ஏலாது. சுனாமிக்குப் பிறகு நான் கடலில் கால் நனைத்ததில்லை. என் உம்மாவையும் தங்கையையும் அது கொண்டுபோனது. கரையில் நிற்பேன், அதற்கு மேல் இல்லை. நான் இதைச் சொல்லாமலே மகளுக்குத் தெரியும்.

"நான் இறங்கிறன்," என்றாள்.

பிள்ளையை அடக்கிய நாளிலிருந்து அவள் கேற்றைத் தாண்டியதில்லை. நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு துவாய் தேடினேன்.

புறப்படும்போது கேற் தகரத்தில் அந்தப் பெண்ணின் விரல் கிழிந்து இரத்தம் வந்தது. நான் ஓடிப்போய்ப் பிளாஸ்டர் கொண்டுவந்து சுற்றிவிட்டேன். பாங்கு கேட்டது. பந்து விளையாடிய பொடியன்கள் சைக்கிளில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். கரையில் தோணிகளும் நாய்களும் மட்டும். நான் மணலில் முசல்லாவை விரித்து மஃரிபு தொழுதேன். தொழுது முடித்துப் பார்த்தேன், இரண்டு பேரும் அண்ணாந்து நட்சத்திரம் தேடிக்கொண்டிருந்தார்கள். மூன்று தெரிய வேண்டுமாம். மூன்றாவதை மகள்தான் கண்டுபிடித்தாள்.

அந்தப் பெண் பெரிய தொளதொளத்த அங்கியோடு இறங்கினாள், தண்ணீர் எல்லாப் பக்கமும் புக வேண்டும் என்று. மகள் உடுப்போடு இடுப்பளவு தண்ணீரில் போர்வையை விரித்துப் பிடித்து நின்றாள். அந்தப் பெண் அமிழ்ந்தாள், எழும்பினாள். தலைக்குத் துணி போட்டு, கண்ணை மூடி ஏதோ ஓதினாள். அப்போது அவள் கையில் வெள்ளையாக ஒன்று பளிச்சென்றது.

"பிளாஸ்டர்!" என்று நான் கரையிலிருந்து கத்தினேன். "மகள்! விரல்ல பிளாஸ்டர்! தண்ணி படல்ல! கூடாது, கூடாது!"

இரண்டு பேரும் கையைப் பார்த்தார்கள். பிறகு கடலே கேட்கச் சிரித்தார்கள். என் மகளுடைய சிரிப்பு. அது அலைச்சத்தத்தில் எனக்குத் தனியாகக் கேட்டது. பிளாஸ்டரைப் பிய்த்து மகள் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து தோணிகளுக்கு அப்பால் ஒரு டோர்ச் வெளிச்சம்.

"ஆரு அவடத்த?" என்று ஒரு ஆணின் குரல்.

"பொம்புளையள் நிக்கிறம் காக்கா! இஞ்சால வராதீங்க!" என்று அண்ணன் முறை வைத்து நான் கத்தினேன்.

"இந்த நேரத்தில கடலுக்க என்னகா வேல? வல போட்டிரிக்கீங்களா?"

"ஓம், போட்டிரிக்கம்! புடிபட்டா உங்களுக்கும் பங்கு. நீங்க பள்ளிக்குப் போங்க!"

"முட்டுக்கால் வருத்தம், நான் ஊட்டதான் தொழுகிற!"

"அப்ப ஊட்டயே இரிங்க காக்கா!"

டோர்ச் முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் போனது. அந்தப் பெண் முதலிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு முறை அமிழும்போதும் மகள் குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். மேலே வந்ததும் தலையை ஆட்டி, "சரி," என்றாள். தமிழில்தான் சொன்னாள். கடைசி முறை எழும்பிய பிறகு அந்தப் பெண் தண்ணீருக்குள்ளேயே கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றாள். என்ன கேட்டாள் என்பது எனக்குத் தெரியாதா? மாதா மாதம் இந்த முழுக்குக்கு வருவது என்றால், அந்த மாதமும் பிள்ளை தங்கவில்லை என்றுதானே அர்த்தம். அப்படியும் வந்து முழுகி, திரும்பவும் கேட்கிறாள். அவர்கள் பிறகு ஊருக்குப் போய்விட்டார்கள். அவளுக்காக நான் இன்றைக்கும் துஆவில் கேட்கிறேன்.

கரைக்கு வந்தவளுக்குத் துவாயைக் கொடுத்து, முசல்லாவையும் தட்டி நீட்டினேன். குளிப்பு முடிந்தால் அடுத்தது தொழுகைதானே. அவள் முழித்தாள். மகள் கேட்டாள், அவள் வெட்கத்தோடு சிரித்தாள்.

"இது தொழுறதுக்கில்லயாம் உம்மா. இனி ஊட்ட புருஷனுக்கிட்டப் போறதுக்காம்."

எனக்கு இருட்டிலும் முகம் சுட்டது. முசல்லாவைச் சுருட்டினேன். எங்களுக்கு முழுக்கு, இறைவனுக்கு முன்னால் போய் நிற்க. அவர்களுக்கு, புருஷனிடம் திரும்ப. ஆனால் அவள் இன்னொன்றும் சொன்னாளாம். புருஷனும் பெண்சாதியும் நல்லபடி வாழ்ந்தால் அந்த ஷெகீனா அவர்கள் இருவருக்கும் நடுவில் வந்து தங்குவாளாம். ஆகவே இதுவும் அங்கே போகிற வழிதான் என்றாளாம். இதை எனக்குச் சொல்லிவிட்டு மகள் கடலைப் பார்த்தாள்.

"கொஞ்சம் பொறுங்க உம்மா," என்றாள்.

தோட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். தலைத்துணியை உருவினாள், கொண்டையை அவிழ்த்தாள். திரும்பவும் இறங்கிப் போனாள். "எங்க போற புள்ள?" என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. ஒரு அலை போகப் பார்த்திருந்து தலையோடு அமிழ்ந்தாள். கறுப்பாக முடி மேலே மிதந்து, அதுவும் உள்ளே போனது. கடல் ஒருத்தியைக் கூட எனக்குத் திருப்பித் தந்ததில்லை. என் கையை அந்தப் பெண் பிடித்துக்கொண்டாள். மகள் எழும்பினாள். திரும்ப அமிழ்ந்தாள். எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை.

வெப்பத்துக்குக் குளித்தாளா, சிநேகிதியைப் பார்த்து ஆசைப்பட்டாளா, வேறு எதற்காவதா, எனக்குத் தெரியாது. தண்ணீர் தலை முதல் கால் வரை பட்டதை நான் கண்ணால் கண்டேன். மற்றதைக் காண எனக்குக் கண் இல்லை. வீடு திரும்பும் வழியில், என் கையிலிருந்த அவளுடைய தொலைபேசி அடித்தது. வாங்கிப் புருஷனின் பெயரைப் பார்த்தாள், அடித்து ஓயும்வரை கையில் வைத்துக்கொண்டே நடந்தாள்.

வீட்டுக்கு வந்து அந்தப் பெண் மாடிக்குப் போனாள். சற்று நேரத்தில் கார் வந்து நின்ற சத்தமும், படியில் அவருடைய காலடியும் கேட்டது. இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பாங்கு சொன்னார்கள். நான் கைகால் முகம் கழுவி வுழூச் செய்துவிட்டுப் பின்னறையில் முசல்லாவை விரித்துக்கொண்டு நின்றேன். மகள் கதவோரம் வந்தாள். உடுப்பு மாற்றியிருந்தாள், தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் பார்க்காதது போலத் துணியைச் சரிசெய்தேன்.

"உம்மா."

"என்ன மகள்?"

"கடல் தண்ணியில குளிப்புக் கடமைய நிறைவேத்தினா கூடுமா?"

முசல்லாவில் கொஞ்சம் ஒதுங்கி, அவளுக்கும் இடம் விட்டுச் சொன்னேன்.

"கூடும் மகள். நல்லாக் கூடும்."